ரெண்டு சீலுக்காரரும் லைசென்ஸ் இல்லாத நாயும்

நாய்க் கழுத்தில் கட்டுகிற பித்தளை வில்லையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று சொல்கிறவர்கள், முதலில் அந்த வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தராசு முள் அசையாது, கடைக்காரர்தான் முறைப்பார். இருபத்திரண்டு வருஷம் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து, வீட்டுக் கடிதத்தை ஒட்ட அலுவலகப் பசையைத் தொடாத மனிதர், கடைசியில் இந்தப் பொத்தானுக்காகத்தான் கையை நீட்டினாரா? சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அவர் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் மாடிப்படியில் நின்று பேசும் கட்சி ஒன்று இருக்கிறது. அவர்கள் பேச்சு வேறு. ஆளுக்கு மூளை கலங்கிவிட்டதாம். ஆளில்லாத கவுண்ட்டருக்கு எதிரே காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றாராம், தன் நாற்காலியைத் தானே பார்த்துக்கொண்டு. நின்றார். அது உண்மைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஏன் நின்றார் என்று கேட்டவர் ஒருவர் உண்டா? பார்த்ததைப் பாதியில் விட்டுவிட்டு மீதியை வாயால் இட்டு நிரப்பினால் யாரும் பைத்தியக்காரர்தான்.

அவருக்கு இந்தக் கட்டடத்தில் பெயர் கிடையாது. 'ரெண்டு சீலு' என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நகரசபை அலுவலகத்தில் கீழ்த்தளம், மாடிப்படிக்குப் பின்னால், கழிவறைக்குப் பக்கத்து அறை. அங்கேதான் நாய் பூனைகளுக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள். அறையில் இரண்டு கவுண்ட்டர். முதல் கவுண்ட்டரில் இருப்பவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்து வட்ட சீல் குத்துவார். இரண்டாம் கவுண்ட்டரில் இருப்பவர் அதைச் சரிபார்த்து, சதுர சீல் குத்தி, வில்லையைக் கையில் கொடுப்பார். வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒரு காலத்தில் எழுதிவைத்த சட்டம். நல்ல சட்டம்தான். இரண்டாம் கவுண்ட்டர்க்காரர் ஓய்வுபெற்றுப் போனார், அவர் இடத்துக்கு ஆள் வருகிறது வருகிறது என்றார்கள், பதினோரு வருஷம் ஆயிற்று, இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சீலையும் டக்டக்கென்று குத்தி அனுப்பியிருப்பார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். முதல் கவுண்ட்டரில் ஃபாரத்தை வாங்கி, வட்ட சீலைக் குத்தி, "அடுத்த கவுண்ட்டருக்குப் போங்க" என்பார். வந்தவர் நான்கு அடி நகர்ந்து அடுத்த கவுண்ட்டருக்குப் போவார். இவரும் எழுந்து, கதவைச் சாத்தி, உள்பக்கமாகச் சுற்றிவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன வேணும்?" என்று கேட்பார். கிண்டலுக்கு இல்லை, மெய்யாகவே கேட்பார்.

அதோடு போகுமா? முதல் கவுண்ட்டரில் தான் வாங்கிய ஃபாரத்தையே இரண்டாம் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை ஒரு பேக்கரிக்காரர் பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்.

"யோவ், நீங்கதானே அங்க சரின்னு சொன்னீங்க?"

"அவர் கவனிக்காம வாங்கிட்டாரு சார். நாயோட நிறம்னு கேட்டிருக்கு, நீங்க 'பன் மாதிரி'ன்னு எழுதியிருக்கீங்க. பன்னு எத்தனை நிறத்துல இருக்கு?"

"அவர் யாரு? அவரும் நீங்கதான்யா!"

"அவர்கிட்ட விளக்கம் கேட்டு எழுதறேன் சார். நீங்க பொறுமையா இருங்க."

சொன்னபடியே எழுதினார். இரண்டாம் கவுண்ட்டரிலிருந்து முதல் கவுண்ட்டருக்கு ஒரு தாள் போனது. முதல் கவுண்ட்டரில் உட்கார்ந்து, தவறுதான், இனிமேல் நடக்காது என்று பதில் எழுதினார். அந்த அறையைப் பெருக்குகிற அம்மா அன்றைக்குத்தான் அவருக்கு 'ரெண்டு சீலு' என்று பெயர் வைத்தாள். பேக்கரிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போய் ரொட்டியோடு சேர்த்து ஊர் முழுக்க விநியோகித்தார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் இதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். அவர் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அலுவலக நோட்டு இல்லை, சொந்தமாக வாங்கியது. எங்கேயோ ஒரு நாய் வழிதப்பிப் போகும். பஸ் நிலையத்திலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ திருதிருவென்று நிற்கும். கழுத்து வில்லையில் எண் இருந்தால், பார்த்த யாராவது போன் செய்வார்கள். இவர் பதிவேட்டைப் புரட்டி வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்லுவார். போன் எடுக்கவில்லை என்றால் சாப்பாட்டு நேரத்தில் தானே நடந்து போய்க் கதவைத் தட்டுவார். அப்படி வீடு போய்ச் சேர்ந்த ஒவ்வொரு நாய்க்கும் நோட்டில் ஒரு வரி. அறுபத்து மூன்று வரி இருந்தது. ஒருமுறை குளம்போல் தேங்கிய மழைத்தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோய், கண் தெரியாத ஒரு பியானோ வாத்தியாருக்கு அவர் நாயைக் கூட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாத்தியார் இவர் கையைத் தடவித் தடவிப் பார்த்தாராம். இதை இந்தக் கட்டடத்தில் யாராவது மாடிப்படியில் நின்று பேசியதுண்டா? ஊரில் நடக்கிற நல்லதுக்குத்தான் கால் கிடையாதே.

வீடு மூன்றாம் மாடி. அவரும் மனைவியும் மட்டும். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, பெரிய சட்டையைச் சின்னதாக்குவது, சின்ன சட்டைக்குத் துணி விடுவது என்று வேலை செய்கிறாள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். புருஷனுக்குப் பயப்படுகிற ரகம் இல்லை, அவரை அனுசரித்துக்கொண்டே தான் நினைத்ததை நடத்துகிற ரகம்.

ஒரு மழை நாளில் நாய் வந்தது. ஒரு காது மடங்கி, பின்னங்கால் ஒன்று தரையில் பாவாமல், மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. நொண்டிக்கொண்டே மூன்று மாடி ஏறி, எத்தனையோ கதவை விட்டுவிட்டு இவர்கள் கதவுக்கு முன்னால் படுத்தது. உடம்பெல்லாம் ஈரம், ஆனால் பார்வை மட்டும் வேலைக்காரன் இன்னும் ஏன் துண்டு கொண்டுவரவில்லை என்று கேட்கிற பார்வை. மனைவி அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள்.

"பேர் வைக்காத. பேர் வச்சா வளக்கற மாதிரி ஆயிடும். லைசென்ஸ் இல்லாம வளக்கக் கூடாது" என்றார் அவர்.

"நான் எங்க வளக்கறேன்? அதுபாட்டுக்கு வளருது."

"வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"வராது. மிதியடியிலதான் படுத்திருக்கு. மிதியடி வெளியிலதானே இருக்கு?"

அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. மிதியடி வாசற்படிக்கு வெளியே. வெளியே என்றால் வீடு இல்லை. வீடு இல்லை என்றால் வளர்ப்பு இல்லை. நிம்மதியாக அலுவலகம் போனார். அவர் போனதும் அவள் டேப்பை எடுத்து அளந்து, மிதியடியை இரண்டு விரற்கடை உள்ளே இழுத்தாள். மறுநாள் இன்னும் இரண்டு விரற்கடை. நாயும் அவசரப்படவில்லை, மிதியடி எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் அதுவும் நகர்ந்தது. மாதம் முடிவதற்குள் மிதியடி தையல் மிஷினுக்குக் கீழே வந்துவிட்டது. அடுத்த மாதம் கட்டிலுக்குப் பக்கத்தில். ஒரு ஃபாரத்தில் ஒரு எழுத்து குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதர், கட்டிலுக்குப் பக்கத்தில் மிதியடியும் அதன்மேல் ஒரு நாயும் இருப்பதைப் பார்க்கவில்லை என்றால் நம்பவா முடியும்? பார்த்தார். பார்த்துவிட்டுக் காலைச் சுருக்கிப் படுத்துக்கொண்டார், நாய்க்கு இடம் வேண்டும் என்று.

வினை இரண்டாம் மாடியிலிருந்து வந்தது. கட்டடச் சங்கத்துக் காரியதரிசி அங்கேதான் இருக்கிறார். அவரிடமும் ஒரு நாய் உண்டு, பஞ்சு பொம்மை மாதிரி, சீப்பு போட்டுச் சீவின நாய். அதற்கு லைசென்ஸ் உண்டு, வில்லை உண்டு, குளிருக்குச் சட்டைகூட உண்டு. அந்தச் சட்டையைத் தைத்ததே இவர் மனைவிதான். கழுத்துப் பக்கம் பிடிக்கிறது என்று காரியதரிசி மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாம் தடவை அவள் சொல்லிவிட்டாள், "சார், சட்டை சரியாத்தான் இருக்கு. நாய்தான் தின்னு தின்னு ஊதிப்போச்சு." அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் விரோதம். மறுநாளே அவர் லைசென்ஸ் இல்லாத மிருகத்தால் கட்டடத்தின் சுகாதாரம் கெடுகிறது என்று ஒரு புகார் எழுதி, தானே நேரில் கொண்டுபோய் முதல் கவுண்ட்டரில் கொடுத்தார்.

முதல் கவுண்ட்டரில் யார் இருந்தது என்று சொல்ல வேண்டுமா?

"இதுல சொல்லியிருக்கறது யார் வீடுன்னு தெரியுதில்ல சார்?" என்றார் காரியதரிசி, உதட்டை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு.

"மூணாவது மாடி. விலாசம் தெளிவா இருக்கு" என்று சொல்லி வட்ட சீல் குத்தினார் அவர். "அடுத்த கவுண்ட்டருக்குப் போங்க."

சனிக்கிழமை தபாலில் ஒரு மஞ்சள் தாள் வந்தது. மனைவி பிரித்துப் படித்தாள். அடுத்த வியாழக்கிழமைக்குள் நாய்க்கு லைசென்ஸ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். பிடித்த நாயை ஏழு நாள் கொட்டடியில் வைத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால் எட்டாம் நாள் விஷ ஊசி. கீழே கையெழுத்தைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். சதுர சீலைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பக்கத்துல படுத்திருக்கற என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஆபீஸ் விஷயம் வீட்ல பேசக் கூடாதில்ல."

அவள் தாளை மடித்து மிஷின்மேல் வைத்தாள். பிறகு குனிந்து நாயிடம் சொன்னாள், "துரை, இவரோட இருவத்தாறு வருஷம் நான் எப்படிக் காலம் தள்ளினேன்னு யோசிச்சுப் பாரு. உனக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது."

ஆனால் ஒன்று. அவர் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து, நாயைத் தூக்கிக்கொண்டுபோய்க் கால்நடை டாக்டரிடம் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கினார். அடுத்தது ஃபாரம். அதை யார் வாங்குவது, யார் கொடுப்பது? விண்ணப்பிக்கிறவரே வாங்கக் கூடாது, வாங்குகிறவரே கொடுக்கக் கூடாது. மனைவி பேரில் போட்டாலும் அவர் கணக்கில் அது சொந்தக் காரியம்தான். ஒரே உடம்பில் இரண்டு பேரை அடைத்து எப்படியோ பதினோரு வருஷம் சமாளித்தாகிவிட்டது. மூன்றாவது ஆளை எங்கே அடைப்பது? ஒருநாளைக்கு மட்டும் மாற்று ஆள் வேண்டும் என்று மாடியில் இருக்கிற பெரிய அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அந்த மனு கீழே வந்தது. நாய் என்ற சொல் இருக்கிற எந்தத் தாளாக இருந்தாலும் நாய்ப் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது மாடியில் வழக்கம். 'உரிய நடவடிக்கைக்கு' என்று பச்சை மையில் எழுதி, அவர் மனுவையே அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கும் அவர் வட்ட சீல் குத்தினார். வந்த தாளுக்குச் சீல் குத்தாமல் இருக்க அவரால் முடியாது.

அந்தச் சாயங்காலம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேலையில் இருக்கிறவர் சொந்தக் காரியத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது. சரி. வேலையில் இல்லாதபோது? ஒருநாள் லீவு போட்டால் அன்றைக்கு அவர் ஊரில் இருக்கிற மற்றவர்களைப்போல ஒருவர்தானே? புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தார். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, ஃபாரம், சான்றிதழ், நாயின் படம் எல்லாவற்றையும் ஒரு உறையில் வைத்து, கதவு திறக்கும் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

கவுண்ட்டரில் யாரும் இல்லை.

எப்படி இருப்பார்கள்? இருக்க வேண்டியவர் லீவு.

அவருக்கு அது உறைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சரியாகத் தெரியாது. லீவு போட்டால் மாடியிலிருந்து யாரையாவது அனுப்புவார்கள் என்று மனசார நம்பியிருந்தார். அவர் லீவு போட்டதே இல்லை, அதனால் அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரிந்துகொள்ள அதுவரை வழியில்லை. பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"சார், ஆபீசர் இன்னிக்கு லீவு."

"தெரியும்மா."

"யாருன்னு தெரியுமா சார்?"

"கிண்டல் பண்ணாதம்மா. மாத்து ஆள் வருவாங்க."

"பதினோரு வருஷமா வராத ஆளு உங்களுக்காக இன்னிக்கு பஸ் ஏறியிருப்பாரா? நல்லா நில்லுங்க. கால் வலிச்சா அந்த நாற்காலியில உக்காருங்க. ஐயய்யோ, அது ஆபீசர் நாற்காலியாச்சே!"

அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. பூனைக்கூடையோடு ஒரு நர்ஸ், அப்புறம் ஒரு வண்டி மெக்கானிக், இன்னும் நாலைந்து பேர். விஷயம் தெரிந்ததும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, உள்ள போய் உக்காந்து ஒரு குத்து குத்திட்டு வாங்கண்ணே. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"நான் இன்னிக்கு லீவுங்க."

"லீவுல இருக்கற ஆளு ஆபீஸ்ல என்ன பண்றீங்க?"

"லைசென்ஸ் வாங்க வந்திருக்கேன்."

"யார்கிட்ட?"

அவர் உறையைத் திறந்து ஃபாரத்தை இன்னொரு தடவை சரிபார்த்தார். மத்தியானத்துக்குள் வரிசை கலைந்துபோனது. அவர் மட்டும் நின்றார். வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும், ஒருவேளை அப்போது பார்த்து ஆள் வந்துவிட்டால்? அலுவலகம் மூடுகிற மணி அடிக்கிறவரை நின்றார். மெக்கானிக் பார்த்ததைக் கடையில் சொன்னார், கடையில் கேட்டவர்கள் படியில் சொன்னார்கள், படி மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டியது. இதுதான் அந்தப் பைத்தியத்தின் கதை. ஒரு நாய்க்காக ஒரு மனிதர் முறையான வழியில் போனார். ஊரில் அதற்குப் பைத்தியம் என்று பெயர்.

வியாழக்கிழமை நகரசபைக் கூட்டம். லைசென்ஸ் இனிமேல் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சு, அன்றைக்கென்று வந்து வாய்த்தது. விவரம் சொல்ல அவரை மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேலே ஏசி அறை, வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தையல்காரி மனைவியும் பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று முடிவானால் துரை பிழைத்தது, அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

வேண்டாம் என்ற கட்சிக்காரர் எழுந்து, நாய் சுதந்திரமான ஜீவன், அன்புக்கு எதற்கு ஃபாரம் என்று உருகினார். வேண்டும் என்ற கட்சிக்காரர், ஒழுங்கு இல்லாத ஊர் ஊரா என்று மேசையைத் தட்டினார். இரண்டு பேர் வீட்டிலும் நாய் உண்டு, இரண்டுக்கும் வில்லை கிடையாது. அது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும், அவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

"ஊர்ல எத்தனை நாய்க்கு லைசென்ஸ் இருக்கு?" என்றார் தலைவர்.

"நானூத்திப் பன்னெண்டு சார்."

"மொத்தம் எத்தனை நாய் இருக்கும்?"

"நான் ஆபீசுக்கு நடந்து வர்ற வழியிலயே அதுக்கு மேல இருக்கு சார்."

சிரிப்பு.

"பூனை?"

"ரெண்டு. ஒண்ணு போன வருஷம் செத்துப்போச்சு, இன்னும் ரத்து பண்ணல."

"இவ்வளவு வருஷமா இதைப் பாக்கறீங்க. உங்க அபிப்பிராயம் என்ன? வச்சுக்கலாமா, எடுத்துடலாமா?"

பெஞ்சில் தையல்காரி டேப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். 'எடுத்துடலாம்' என்று ஒரு வார்த்தை போதும். தலைவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எடுத்துவிட்டால் அந்த அறையை ஏதோ ஒரு சங்கத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று பேச்சு இருந்தது. இவர் கை சட்டைப் பைக்குப் போனது. இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த அந்தச் சின்ன நோட்டு அங்கேதான் இருந்தது.

"வில்லை வேணும் சார்" என்றார். "வழி தப்பின நாய்க்குப் பேசத் தெரியாது. கழுத்துல இருக்கற நம்பர்தான் பேசும். அறுபத்து மூணு நாய் வீட்டுக்குப் போயிருக்கு. வில்லையை எடுக்காதீங்க. இந்த ஃபாரம், சான்றிதழ், ரெண்டு கவுண்ட்டர், மஞ்சத் தாளு, இதையெல்லாம் எடுத்துட்டு, கேக்கறவங்க கையில வில்லையைக் குடுத்துடுங்க. போதும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மாடியில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. யாராவது இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் அந்த மேசையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. வேண்டும் என்றவருக்கு ஃபாரம் போகிறதே என்று கவலை, வேண்டாம் என்றவருக்கு வில்லை மிஞ்சுகிறதே என்று கவலை. வேண்டாம் என்றவர் சட்டென்று கேட்டார்.

"நீங்க நாய் வளக்கறீங்களா?"

"வளக்கறேன்."

"லைசென்ஸ்?"

"இல்லை."

அறை அதிர்ந்தது. கொடுக்கிறவரிடமே இல்லை, அதனால் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம் கத்தியது. கொடுக்கிறவரிடமே இல்லை, அதனால் இன்னும் இறுக்க வேண்டும் என்று மறுபக்கம் கத்தியது. ஏன் இல்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு குழு போட்டார்கள். குழு அறிக்கை தருகிறவரை புது லைசென்ஸ் எதுவும் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாத நாயைப் பிடிக்கும் சட்டம் மட்டும் இருந்தபடியே இருக்கும். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

படி இறங்கும்போது மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர முடியலையா உங்களால?"

"அறுபத்து மூணு நாய் வீட்டுக்குப் போயிருக்கேம்மா."

"அறுபத்து நாலாவது நாய் வீட்லதான் இருக்கு. அதை வெளிய அனுப்பறீங்க."



வெள்ளிக்கிழமை காலை காரியதரிசி போன் போட்டுச் சொல்லிவிட்டார். வண்டி வந்தது. துரை ஓடவில்லை, கடிக்கவில்லை. தன்னைக் கூட்டிப்போக வண்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. தையல்காரி கதவைக்கூடப் பூட்டாமல், வீட்டுச் செருப்போடு, கழுத்தில் டேப் தொங்க, வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள்.

பிடித்த நாயை நேராகக் கொட்டடிக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் நாய்ப் பிரிவில் பதிய வேண்டும். அந்த அலுவலகத்தில் இன்னொரு வேடிக்கை, முன்வாசலில் 'நாய்கள் உள்ளே வரக் கூடாது' என்று பெரிய பலகை. லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் நாயை வெளியே கட்டிவிட்டு வர வேண்டும், இவர்தான் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பிடிபட்ட நாய் மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே வரலாம். அப்படித்தான் துரை அந்த அறைக்குள் வந்தது. அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், தரையில் பட்பட்டென்று.

"எனக்கும் மனசில்ல சார்" என்றார் வண்டிக்காரர். "பதிஞ்சு குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன். வில்லை உண்டா இல்லையா, அதை மட்டும் போடுங்க. உண்டுன்னா வீட்டுல ஒப்படைக்கணும். இல்லேன்னா கொட்டடி."

அவர் முதல் கவுண்ட்டரில் இருந்தார். பேனாவை எடுத்தார். எழுதவில்லை. எழுந்து, கதவைச் சாத்தி, சுற்றிப்போய் இரண்டாம் கவுண்ட்டரில் உட்கார்ந்தார். அங்கேயும் எழுதவில்லை. வாசல் பக்கம் மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

சுவரில் ஒரு பலகை. வில்லை எப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட, அதில் ஒரு வில்லையை ஆணியில் மாட்டியிருந்தார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சுழி, வெறும் பூஜ்யங்கள். எந்த நாய்க்கும் கொடுக்காதது, இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலையில் அவர் துணியால் துடைப்பது. எழுந்துபோய் அதைக் கழற்றினார். காலி ஆணியைப் பார்த்தார். அலுவலகப் பலகையில் ஆணி காலியாக இருக்கக் கூடாது. சட்டையில் குத்தியிருந்த தன் அடையாள அட்டையை எடுத்து அதில் மாட்டினார். பிறகு மனைவியின் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவள் டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். டேப்பில் வில்லையைக் கோத்து, குனிந்து, துரையின் கழுத்தில் கட்டினார். முடிச்சு இறுகிவிட்டதா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

முதல் கவுண்ட்டருக்குப் போய் எழுதினார். வில்லை: உண்டு. வட்ட சீல்.

"நம்பர் என்ன சார்?" என்றார் வண்டிக்காரர்.

"சுழி."

"சுழிக்கு எந்த வீடு?"

"மூணாவது மாடி. வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. ஒப்படைச்சிடுங்க."

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்றைக்கும் அந்த நாற்காலியில் இருப்பார். கேட்க ஆளில்லை. ஆனால் ஆள் இருந்தாரே, இரண்டாம் கவுண்ட்டரில்! அங்கே போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கவுண்ட்டர்க்காரர் எழுதியதைச் சரிபார்த்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மாதிரி வில்லையை நாய்க்குக் கட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு தாள் எழுதினார். திரும்ப வந்து பதில் எழுதினார். அந்தப் பதிலைப் பெருக்குகிற அம்மா பிறகு எல்லோருக்கும் ஒப்பிப்பாள்: 'தவறுதான். இனிமேல் நடக்காமல் இருக்க, இன்றோடு நான் வேலையை விடுகிறேன்.' வட்ட சீல். சுற்றிப்போய், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது.' சதுர சீல். பதினோரு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

இரண்டு சீலையும் துடைத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்தார்.

"மாத்து ஆள் வந்தா குடுத்துடும்மா."

"வருவாரு சார்" என்றாள் அவள். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நின்றபடியே ஒரு வரி எழுதித் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார். பின்வாசல் பக்கம் திரும்பிய மனைவியைக் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்வாசலைக் காட்டினார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள், நடுவில் டேப்பும் வில்லையுமாக நொண்டிக்கொண்டு துரை. கூடத்தில் ஃபாரத்தோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். வாசல் காவலாளி பதறிப்போய் எழுந்தார்.

"சார், சார்! போர்டைப் பாருங்க. நாய் உள்ள வரக் கூடாது!"

அவர் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை, ஃபாரத்தைப் பார்ப்பதுபோல், பொறுமையாகப் படித்தார்.

"உள்ள வரக் கூடாதுன்னுதான்யா இருக்கு" என்றார். "நாங்க வெளிய போறோம்."